அம்மா நம்பருக்கு எதற்கு டேட்டா? பேச்சுக்கு மட்டும் ரீசார்ஜ் போடும் முறை

வீட்டில் நாலு நம்பர் இருந்தால், இரண்டுக்காவது டேட்டாவே தேவைப்படாது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கும் தினம் ஒன்றரை ஜிபிக்குச் சேர்த்துக் கட்டுவது தண்டம். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது நிறுவனங்கள் தந்தாக வேண்டும்.

2025 தொடக்கத்தில் ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஜியோவின் பெரிய பேக்கை வருஷக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள், 29 நாள் குறையும். விலை மாறும், போடும் அன்று ஆப்பில் பாருங்கள். இந்த பேக் முதல் பக்கத்தில் கண்ணில் படாது, கீழே தள்ளித் தேட வேண்டும். கடையில் "400 சொச்சத்துக்குப் போடுங்க" என்றால் டேட்டா பேக்தான் விழும். "வாய்ஸ் ஒன்லி" என்று சொல்லி, தொகையையும் சரியாகச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட்போன் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். மெயின் பேலன்ஸ் இருந்தால் பின்னணியில் ஓடும் ஆப்கள் அதைக் கரைத்துவிடலாம். ஓடிபி எஸ்எம்எஸ் வழக்கம்போல் வரும். வாட்ஸ்அப், யுபிஐ ஆப் இரண்டுக்கும் வீட்டு வைஃபை வேண்டும். வெளியே போகும்போது மட்டும் உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் போதும்.