குட்டிப் பச்சோந்தி கருத்துப் போனால் என்ன அர்த்தம்? வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டிப் பச்சோந்தி வீட்டுக்கு வந்த முதல் நாளே பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். சிவப்புத் துண்டை விரித்து, அதன் மேல் குட்டியை விட்டு, சிவப்பாக மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். மாறாது. உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு, இளம்பச்சை பழுப்பாகி, மேலே கருப்புப் பட்டைகள் ஏறி, அப்படியே அசையாமல் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை, குட்டிக்கு உயிர்ப்பயம். தான் நிற்கிற இடத்தின் நிறத்தைப் பார்த்துப் பச்சோந்தி நிறம் மாற்றுவதில்லை. சூடு, குளிர், பயம், சண்டை, உடல்நிலை ஆகியவைதான் நிறத்தில் தெரிகின்றன.

நான் சொல்வது ஏமன் பச்சோந்தியைப் பற்றி. ஏமன், சவுதி அரேபியா நாடுகளைச் சேர்ந்தது, தலையில் உயரமான கொண்டை உள்ளது. வீடுகளில் அதிகம் வளர்வது இதுவும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும்தான். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: நம் ஊர் வேலியோரத்தில் அகப்படும் பச்சோந்தி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடித்து வந்து வளர்த்தால் குற்றம். வெளிநாட்டு இனமாக இருந்தாலும் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்த தவறு, குட்டியிடம் வண்ண வேடிக்கையை எதிர்பார்ப்பது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து நிறம் மாறும் விதத்தை விளக்கினார்கள். தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விலங்கு அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். அது மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். சண்டைக்கோ இணைக்கோ கிளர்ந்தெழும்போது படிகங்களுக்கு இடையே இடைவெளி கூடி மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் வரும். இந்தப் படிக அடுக்கு முழுதாக வளர்ந்திருப்பது பெரிய ஆண்களிடம்தான். குட்டியிடம் நாம் கவனிக்க வேண்டியது கருப்பதும் வெளுப்பதும்.

காலையில் விளக்கு போட்டதும் குட்டி கருத்துப்போய், ஒரு பக்கத்தை விளக்குக்குக் காட்டிக்கொண்டு நின்றால் பயப்படாதீர்கள். குளிருக்கு வெயில் காய்கிறது, கருப்பு சூட்டை வேகமாக இழுக்கும். அரை மணியில் பச்சை திரும்பிவிடும். பல்புக்குக் கீழேயே மணிக்கணக்கில் கருப்பாகக் கிடந்தால் சூடு போதவில்லை. வெளுத்து, வாயைத் திறந்தபடி இருந்தால் சூடு அதிகம். குட்டி வெயில் காயும் கிளையில் 29 டிகிரி செல்சியஸ் அளவு போதும். கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். இரவில் தூங்கும்போது வெளுப்பது இயல்பு. உடம்பில் ஆங்காங்கே சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் தோல் உரிக்கப் போகிறது, பிய்த்து உதவ வேண்டாம். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

நாள் முழுக்கக் கருப்பாகவே இருக்கிறதா? கூண்டைச் சுற்றிப் பாருங்கள். பூனை வந்து உட்காருகிறதா, கண்ணாடியில் தன் உருவமே தெரிகிறதா, ஒளிந்துகொள்ள இலை போதுமா? மணி பிளான்ட்டும் செம்பருத்தியும் வைத்து அடர்த்தியாக்கினாலே பாதி பயம் தீரும். தூக்கும்போதும் மேலேயிருந்து கையை இறக்காதீர்கள், அதற்கு அது பருந்து. கீழேயிருந்து மெதுவாகக் கையை நீட்டி, அதுவாக ஏறட்டும் என்று விடுங்கள்.

‘தனியாக இருக்கிறதே, பாவம்’ என்று இரண்டாவதை வாங்கி ஒரே கூண்டில் விடுவதுதான் என்னை அதிகம் வருத்துகிற தவறு. இது தனித்து வாழும் விலங்கு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏமன் பச்சோந்தி ஆண்களின் சண்டைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். தலை வேகமாகப் பளிச்சிடுகிற ஆணே பெரும்பாலும் ஜெயித்தது. தோற்பது கருத்து, ‘விட்டுவிடு’ என்று காட்டியது. காட்டில் என்றால் விலகிப் போய்விடும். கூண்டுக்குள் எங்கே போகும்? கடியே இல்லாவிட்டாலும் ஒன்று இரை எடுக்காமல் இளைத்துப்போகும்.

ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்கும் என்பதும் தப்புக் கணக்கு. எலும்புக்குத் தேவையான புற ஊதா பி (யூவிபி) கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் சேராது, கால்கள் வளையும், தாடை ரப்பர் போலாகும். குட்டிகளுக்கு இது சீக்கிரமே வருகிறது. நீளக் குழல் வடிவ யூவிபி விளக்கு போடுங்கள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். இரை மேல் டி3 சேராத கால்சியம் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும். இரை எதுவானாலும் குட்டியின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்டக் கூடாது. மிச்சமான சிள்வண்டுகளை இரவில் எடுத்துவிடுங்கள், தூங்கும் குட்டியைக் கடிக்கும்.

தண்ணீர்க் கிண்ணத்தை அது கண்டுகொள்ளாது. இலை மேல் ஸ்ப்ரே அடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு கண் உங்கள் மேல், மறு கண் இலை நுனியில் தொங்கும் துளி மேல். கொஞ்ச நேரம் கழித்து நாக்கை நீட்டி அந்தத் துளியை நக்கும். குழிந்த கண்ணும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக வருவதும் தண்ணீர் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

கடைசியாகப் பெண் குட்டி. ஆண் குட்டிக்குப் பின்னங்காலில் குதிமுள் பிறவியிலேயே இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. ஆறு மாத அளவில் பெண்ணின் உடம்பில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வரும்போது ‘என்ன அழகு’ என்று படம் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பருவத்துக்கு வந்துவிட்டது. ஆணே இல்லாமலும் முட்டை வைக்கும், இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரையே எடுத்துவிடும். ஒரு ஆழமான தொட்டியில் ஈர மணலை ஓர் அடி உயரத்துக்கு நிரப்பி வையுங்கள். விரலால் குழி தோண்டினால் சரியாமல் நிற்க வேண்டும், அதுதான் ஈரத்துக்கு அளவு. அது தோண்ட ஆரம்பித்ததும் கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியோடு விட்டுவிடும்.