பிசிஓஎஸ்ஸும் எடைக் குறைப்பும்: திரும்பத் திரும்ப நாம் செய்யும் தவறுகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பாலிசிஸ்டிக் ஓவரி என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் டாக்டர், அம்மா, மாமியார், மாடி வீட்டு அக்கா என எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வெயிட்டைக் குறை, எல்லாம் சரியாயிடும்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. அதிக எடை உள்ளவர்களுக்கு எடை கொஞ்சம் இறங்கினாலே பீரியட்ஸ் ஒழுங்குக்கு வருவதும், சர்க்கரை நோய் வரும் அபாயம் குறைவதும் நடக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நாம் செய்கிற காரியங்கள் இருக்கிறதே, அதில் பெரும்பாலானவை எடையையும் குறைப்பதில்லை, பிசிஓஎஸ்ஸையும் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சினைப்பையும் ஹார்மோன்களும் சம்பந்தப்பட்ட கோளாறு) சரிசெய்வதில்லை, ஆளைத்தான் சோர்வாக்குகின்றன.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதற்குச் சரியாக மசிவதில்லை, இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை (ஆண்ட்ரோஜன்) அதிகப்படுத்துகிறது. போதாக்குறைக்கு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் குறைத்துவிடுகிறது. முட்டை வளர்ந்து வெளியேறாமல் பாதியில் நிற்பது, தாடையில் முடி, பரு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. வயிற்றைச் சுற்றி எடை ஏற ஏற இந்தச் சுற்று இன்னும் மோசமாகும். ஸ்கேனில் தெரியும் 'நீர்க்கட்டிகள்' பெரும்பாலும் முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப்பைகள்தான். அவற்றைக் கஷாயம் குடித்துக் கரைக்க வேண்டியதில்லை, ஆகவே 'நீர்க்கட்டி 30 நாளில் கரையும்' என்று யாராவது பொடி விற்றால் அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள்.

சரி, தவறுகளுக்கு வருவோம். நான் பார்த்தவரை எல்லாவற்றிலும் பெரியது, நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி சாப்பிடுவது. ஒரு நாளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர். டிபன் கிடையாது, பதிலுக்கு இரண்டு பிஸ்கட்டும் டீயும். மதியம் டப்பாவில் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் தக்காளித் தொக்கு, மனசுக்குள் 'இன்றைக்கு நன்றாகக் கட்டுப்பாடாக இருந்தேன்' என்று ஒரு பெருமை. ஐந்து மணிக்குத் தலை சுற்றும், கை நடுங்கும், ஆபீஸ் வாசலில் பஜ்ஜி போடும் வாசனை வரும். இரண்டு பஜ்ஜி, சர்க்கரை போட்ட இன்னொரு டீ. வீட்டுக்கு வந்து சமையல் முடிக்க ஒன்பதரை, எல்லாருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றபடி நாலு தோசை, சட்னி, எண்ணெய் தாராளமாக விட்ட இட்லிப்பொடி, உடனே படுக்கை. இந்த நாளில் புரதம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அநேகமாக எங்கும் இல்லை. பஜ்ஜி சாப்பிட்டது கட்டுப்பாடு குறைந்ததால் இல்லை, மதியம் வரை உடம்புக்கு உருப்படியாக ஒன்றுமே கொடுக்காததால்தான்.

அடுத்தது 'அரிசியை நிறுத்திவிட்டேன்' கட்சி. அரிசிக்குப் பதில் சாமை, வரகு, தினை என்று மாறுவது நல்லதுதான், நார்ச்சத்து கூடும், வயிறு நிறையும். ஆனால் சோறு எவ்வளவு போட்டுக்கொண்டோமோ அதே மலையைச் சாமையில் கட்டினால் கலோரியில் பெரிய வித்தியாசம் வராது. கேழ்வரகுக் கூழையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து, வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ போட்டு ஒரு பெரிய டம்ளர் குடித்தால் அது வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அதே கேழ்வரகைக் களியாகவோ அடையாகவோ, கூடவே கீரைக் கூட்டும் பருப்பும் வைத்துச் சாப்பிடுவது வேறு விஷயம். தேன், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் உடம்புக்குள் போனபின் சர்க்கரைதான், இயற்கையானது என்பதற்காக இன்சுலின் சும்மா இருந்துவிடாது. ஒரு நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே ஆறு ஸ்பூன், ஏறக்குறைய 100 கலோரிக்கு மேல் ஆகிவிடுகிறது. டீயை விட வேண்டாம், ஸ்பூனைக் குறைத்தால் போதும்.

தட்டை மாற்றுவது சுலபம், தட்டில் இருப்பதை இடம் மாற்றிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. சோறு இருந்த இடத்தில் பொரியலும் கூட்டும், பொரியல் இருந்த இடத்தில் சோறு. ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் கட்டாயம்: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம். சாப்பிடுகிறவர்களுக்கு மீனும் கோழியும் இருக்கவே இருக்கிறது. சைவக்காரர்களுக்குச் சாம்பாரில் இருக்கும் பருப்பே போதும் என்று நினைப்பு உண்டு, கரண்டியால் ஒருமுறை துழாவிப் பாருங்கள், தண்ணீர்தான் அதிகம். கெட்டிப் பருப்பு, தயிர், சுண்டல், பனீர், சோயா, வேர்க்கடலை என்று வேண்டுமென்றே சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். இப்படியிருக்க, 'பிசிஓஎஸ் என்றால் பாலே கூடாது, கோதுமையே கூடாது' என்று எங்கோ கேட்டுவிட்டுத் தயிரையும் மோரையும் விட்டுவிடுகிறார்கள். செலியாக் நோயோ (கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்) பால் ஒத்துக்கொள்ளாத உடம்போ இல்லாதவர்கள் அப்படி விட வேண்டியதில்லை. பிசிஓஎஸ்ஸுக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2023-ல் புதுப்பிக்கப்பட்டபோதும் இதைத் தெளிவாகச் சொன்னது: எந்த ஒரு உணவுமுறையும் மற்றதைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை, நீங்கள் தொடர்ந்து கடைப்பிடிக்க முடிகிற, சத்தான உணவு எதுவோ அதுவே சரி. மாவுச்சத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிடும் கீட்டோ உணவுமுறையை எடுத்து மூன்றாம் வாரமே கல்யாண வீட்டில் கேசரியோடு அது முடிகிறது என்றால், அது உங்களுக்கான உணவுமுறை இல்லை, அவ்வளவுதான்.

உடற்பயிற்சியில் இரண்டு எதிர்த் துருவத் தவறுகள். ஒரு பக்கம் மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டே நடக்கும் நடை, அதுவும் வாரத்தில் இரண்டு நாள். இன்னொரு பக்கம், முதல் நாளே ஒன்றரை மணி நேரம் ஜிம்மில் உயிரைக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் படி இறங்க முடியாமல், பத்தாம் நாள் கட்டிய பணம் போனால் போகட்டும் என்று நிறுத்திவிடுவது. உடல்நலத்துக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும், எடையும் குறைய வேண்டுமென்றால் குறைந்தது 250 நிமிடம் வேண்டியிருக்கும். மிதமானது என்றால் நடந்தபடி பேச முடியும், பாட முடியாது. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. இதைத்தான் நம் பெண்கள் முற்றிலும் விட்டுவிடுகிறார்கள், 'ஏற்கெனவே ஆண் ஹார்மோன் அதிகம், இதில் வெயிட் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவேன்' என்ற பயம். அப்படி எதுவும் ஆகாது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இதைவிடத் தோதான பயிற்சி எது? நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். வேகமான பயிற்சி செய்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி பிசிஓஎஸ் மோசமாகும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்தப் பயமும் வேண்டாம், மூட்டுவலியோ வேறு தடையோ இல்லாவிட்டால் வேகமான பயிற்சியும் பரிந்துரைக்கப்படுவதுதான். வேறு எதுவும் முடியாத நாளில் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கொஞ்சம் அடங்கும்.

தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி நின்று அழுவதும் ஒரு தவறுதான். பீரியட்ஸுக்கு முன் உடம்பில் நீர் தேங்கி ஒரு கிலோ ஏறிவிடும், முந்தின ராத்திரி சாப்பிட்ட அப்பளமும் ஊறுகாயும் மெஷின் காட்டும் அளவை மாற்றும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், அதோடு ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் வைத்து அளந்து எழுதி வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பீரியட்ஸ் தேதிகளையும் எழுதுங்கள். மெஷின் நகராத மாதத்தில் இந்த இரண்டும் நகர்ந்திருக்கும். இலக்கையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். கல்லூரியில் 52 கிலோ இருந்தேன், திரும்ப அங்கே போக வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும், ஆனால் 70 கிலோ இருப்பவர் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ குறைத்தாலே உள்ளே மாற்றங்கள் தொடங்க வாய்ப்புண்டு.

இன்னொரு பெரிய தவறை நோயாளிகள் மட்டும் செய்வதில்லை, மருத்துவம் பார்ப்பவர்களில் சிலரும் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்: 'முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா, அப்புறம் மற்றதைப் பார்க்கலாம்' என்பது. எடை இறங்கும்வரை பரிசோதனையும் சிகிச்சையும் காத்திருக்கக் கூடாது. மாதக்கணக்கில் பீரியட்ஸ் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், பல வருடம் இப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் அபாயம்கூடக் கூடுகிறது. மூன்று மாதம் தாண்டியும் வரவில்லையென்றால் 'வராத வரைக்கும் நிம்மதி' என்று இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருக்கிறதா? அம்மாக்கள் அதைப் பீர்க்கை நாரும் கடலைமாவும் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். அது அழுக்கு இல்லை, பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம், தேய்த்தால் தோல் புண்ணாவதுதான் மிச்சம். சர்க்கரை டெஸ்ட் எடுக்கும்போது வெறும் வயிற்று ரத்தம் மட்டும் பார்த்து நார்மல் என்று விட்டுவிடாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்டைப் பற்றிக் கேளுங்கள், வெறும் வயிற்றில் தெரியாதது பலருக்கு அதில்தான் தெரியும். தைராய்டும் பார்த்திருக்க வேண்டும். குறட்டை, தூங்கி எழுந்தாலும் அசதி என்றால் அதையும் சொல்லுங்கள், பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சனை அதிகம். மனச்சோர்வும், கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வருந்துவதும் அப்படித்தான், 'உனக்கு வாய் அடங்காது' என்று வீட்டில் திட்டு வாங்கி சரியாகிற விஷயங்கள் இல்லை.

மாத்திரை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும், பிசிஓஎஸ்ஸுக்கும் எழுதித்தரும் மெட்ஃபார்மின் எடை குறைக்கும் மாத்திரை இல்லை, எடையில் அதன் பலன் சிறியதுதான். தங்கைக்குக் கொடுத்தார்கள் என்று நீங்கள் எடுக்காதீர்கள், நீண்ட நாள் எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்சிக்காயை மிளகோடு சாப்பிடுகிறவர்கள், கருஞ்சீரகம் எடுப்பவர்கள், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதை நம்பி எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். இப்போது எல்லாரும் பேசுகிற ஊசிகள், செமாக்ளூடைட், டிர்செபடைட், எடையை நன்றாகவே குறைக்கும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வருகிறது, கர்ப்பமாக இருக்கும்போது எடுக்கக் கூடாது. செமாக்ளூடைட் என்றால் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடக் கூடும் என்பதால், தொடங்கும்போதும் டோஸ் கூட்டும்போதும் மாற்று வழி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கருத்தடை என்றதும் இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிசிஓஎஸ் இருந்தால் குழந்தையே பிறக்காது என்று நம்பி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருப்பவர்கள் நிறைய. எடை கொஞ்சம் இறங்கியதும் முட்டை வெளியேறத் தொடங்கலாம், அது பீரியட்ஸ் வருவதற்கு முன்பே நடக்கும், அதாவது பீரியட்ஸ் வராத மாதத்திலேயே கருத்தரித்துவிட முடியும். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள் எடை குறைக்க ஆரம்பிக்கும்போதே கருத்தடையைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள், வேண்டும் என்பவர்கள் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிடலாமா என்று கேளுங்கள். எப்படியிருந்தாலும், பீரியட்ஸ் தள்ளிப்போனால் 'எனக்கு எப்பவும் இப்படித்தான்' என்று வரவைக்கும் மாத்திரையை எடுத்துப் போடுவதற்கு முன்னால், மருந்துக்கடையில் ஒரு கர்ப்பப் பரிசோதனைக் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.