உள்ளூர் வரலாற்று வழிகாட்டிகள் இணையத்தில் ஆதாரம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கட்டடத்தின் வயதையோ ஒரு தெருவின் பெயர்க்காரணத்தையோ இணையத்தில் தேடும் சுற்றுலா வழிகாட்டிகள் பலரும் செய்யும் முதல் தவறு, ஒரே செய்தி பத்துத் தளங்களில் இருந்தால் அதற்குப் பத்துச் சான்றுகள் உள்ளதாக எண்ணிக்கொள்வதாகும். பெரும்பாலும் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாக இருக்கும். மூலத்தில் உள்ள பிழை பத்திலும் இருக்கும். அமெரிக்க இதழாளர் எச். எல். மென்கென், 1917 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில், குளியல் தொட்டி அமெரிக்காவுக்கு வந்த வரலாறு என்று சொல்லி முழுக்கக் கற்பனையான கட்டுரையை எழுதினார். வெள்ளை மாளிகையில் முதல் தொட்டியை அமைத்தவர் அதிபர் மில்லார்ட் ஃபில்மோர் என்பது அதில் வந்த கதை. அத்தனையும் புனைவு என்று 1926இல் அவரே எழுதிய பின்னரும் நூல்களும் இதழ்களும் அதை உண்மையாகவே எடுத்தாண்டன. ஆகவே, எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாமல், முதலில் சொன்னவர் யார், நிகழ்ச்சி நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்புகள் இதற்கு நல்ல வாசல். ஆனால் சுட்டப்பட்ட ஆவணத்தைத் திறந்து படிக்காமல் கட்டுரையோடு நின்றுவிடக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ, இல்லாத நூலையும் இல்லாத பக்க எண்ணையும்கூட இருப்பதுபோலத் தரக்கூடியவை.

இரண்டாவது தவறு, தேடுபெட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவுகட்டுவது. நல்ல கதையொன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் தவறிப்போவதால், வழிகாட்டிகளுக்கு இதுவே பேரிழப்பு என்று கருதுகிறேன். ஆஸ்திரேலியாவின் டிரோவ், பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற, பழைய நூல்களையும் நாளிதழ்களையும் தரும் தளங்களில் நாம் தேடுவது பெரும்பாலும் பக்கங்களின் படத்திலிருந்து எழுத்துணரி மென்பொருள் படித்துத் தந்த உரையைத்தான். மங்கிய அச்சிலும் கிழிந்த தாளிலும் அது தடுமாறும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் வழங்கிய நீண்ட ‘எஸ்’ (ſ) எழுத்தை ‘எஃப்’ என்றே படித்துவிடும். டிரோவில் வாசகர்களே அந்த உரையைத் திருத்தலாம் என்பது பெரிய உதவி. பெயர் மாற்றமும் தேடலை முடக்கும்: 1925க்கு முன் ஓஸ்லோ நகரத்தின் பெயர் கிறிஸ்டியானியா, பழைய நாளிதழ்களில் இன்றைய பெயரை மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். பழைய பெயர்கள், மாறுபட்ட எழுத்துக்கூட்டல்கள், அண்டை வீட்டார் பெயர், தொழிற்சாலைப் பெயர் என்று மாற்றி மாற்றித் தேடிய பிறகு, தேதி தெரிந்தால் அந்த நாளின் இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே சரி.

தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான், 11 நாட்களைத் தாண்டி, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. அதுவரை இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22 என்று வருவது இதனால்தான். எந்த நாட்காட்டி என்று பாராமல் இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டால், பிழையே இல்லாத இடத்தில் முரண் இருப்பதாகத் தோன்றும்.

படங்களிலும் இதே கவனம் வேண்டும். அஞ்சலட்டையின் முத்திரையில் உள்ள ஆண்டு, படம் எடுத்த ஆண்டு ஆகாது. ஒரே படத்தைப் பல ஆண்டுகள் அச்சிட்டு விற்றதுண்டு. பழைய நிலப்படங்களும் மறு அளவை செய்யப்படாமலே புதிய ஆண்டோடு வெளிவந்திருக்கின்றன. இணையத்தில் காணப்படுவதாலேயே ஒரு படத்தைத் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டுவிடவும் முடியாது. உரிமக் குறிப்பைப் படித்து, அது கேட்கும் பெயரைப் படத்தின் கீழே குறிப்பிட வேண்டும்.

கடைசியாக, இணைப்பை மட்டும் குறித்துவைக்கக் கூடாது. ஆவணத்தின் பெயர், தேதி, பக்கம், வைத்திருக்கும் நூலகம் ஆகியவற்றையும் எழுதிவைத்து, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிட்டால், அந்தத் தளம் மறைந்துபோன பின்னரும் சுற்றுலாப் பயணி கேட்கும் கேள்விக்கு ஆதாரத்தைக் காட்ட முடியும்.