குறும்படத்தில் மற்ற இனத்தாரை எழுதுவது எப்படி

தென்னிந்தியப் படத்தில் ஈழத்தமிழர் வந்தால், கதை கிடக்கட்டும், அவர் 'ஓம்' ஒழுங்காகச் சொல்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்போம். பிழைத்தால் முகநூலில் இரண்டு நாளைக்குத் திட்டு. சரி, திட்டலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் எடுக்கிற குறும்படங்களில் மலையகப் பிள்ளை என்றால் வேலைக்காரி, முஸ்லிம் என்றால் பழைய இரும்பு வாங்க வருபவர், சிங்களவர் என்றால் துவக்கோடு ஒரு ஆமிக்காரன், அவ்வளவுதான்.

எழுதத் தொடங்கும் முன் பாத்திரத்தின் இனத்தையும் வேலையையும் வெட்டிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் திரும்ப எழுதுங்கள்.

அடுத்தது பேச்சு, நேரம் போவது இதில்தான். இந்திய நடிகர் ஒருவர் 'எண்டு', 'கதைக்கிறது' எல்லாம் இரண்டு நாளில் பிடித்துவிடுவார், ஆனால் எதிரில் நிற்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளை 'உது' என்று சொல்லும் இடத்தில் தடக்குவார், ஏனென்றால் அங்கே அந்தப் புழக்கம் இல்லை. மலையகத்து ஹற்றன் ஊர்ப் பேச்சை எழுதும்போது எங்களுக்கும் அதே கதிதான். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, பஸ் ஏறிப் போய் வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாய் தடக்கும் இடமெல்லாம் பிழை. என் முதல் படத்துக்கு அப்படி வாசித்த ஒரு அக்கா பாதியில் நிறுத்தி, "தம்பி, இந்தப் புள்ள படம் முழுக்கத் தேத்தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கே, அதுக்கு வீட்டு ஞாபகமே வராதா?" என்று கேட்டார். மூன்று காட்சிகளை அன்றைக்கே கிழித்தேன்.

ஆமிக்காரனுக்குக் கொச்சைத் தமிழ் வேண்டாம், சிங்களத்திலேயே எழுதிக் கீழே தமிழ் போடுங்கள். யாழ் பல்கலைக்கழகத்தில் சிங்கள மாணவர்கள் படிக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவில் கமெரா வைக்கப் போகிறீர்களா? 1990 ஒக்ரோபரில் புலிகள் அந்த மக்களை வெளியேற்றியதைத் தொடாமல் பள்ளிவாசலை மட்டும் அழகுக்குக் காட்டுவதென்றால், வைக்காதீர்கள்.

நடிகர் கிடைக்கவில்லை என்று சாட்டுச் சொல்லவும் வேண்டாம். ஈழத்து அகதிகளின் கதையான, 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'தீபன்' பிரெஞ்சு இயக்குநருடையது, அவரே முக்கிய பாத்திரத்துக்கு யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தியைத்தான் பிடித்தார். கறுத்த ஆள் வேண்டுமென்றால் கறுத்த ஆளையே தேடுங்கள், மை பூசாதீர்கள். 2021இல் ஒரு இந்தித் தொடரில் ஈழப் போராளியாக வந்த நடிகையின் முகத்தைக் கறுப்பாக்கியதற்கு நாங்கள்தானே கத்தினோம்? எங்கள் காதல் படமென்றால் மட்டும் கதாநாயகிக்கு வெள்ளையாகப் பூசி, முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். நல்லூர் வெயிலில் அது அப்படியே தெரியும். கமெராவின் வெளிச்ச அளவைத் தானியங்கி முறையில் விட்டால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் இருண்டுபோகும், வெளிச்ச அளவை முகத்தில் எடுங்கள்.

வசனம் திருத்தித் தந்தவருக்குக் காசு கொடுங்கள், கடைசியில் பெயரும் போடுங்கள். நான் அந்த அக்கா வீட்டில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதையும் அவர்தான் ஊற்றித் தந்தார்.