டிக்கெட்டில் இருக்கும் ஒற்றை எழுத்து: ஃபேர் கிளாஸும் மைல் கணக்கும் புதியவர்களுக்கு

லண்டன் ஹீத்ரோவில் இருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 3,450 மைல். ஒரே விமானத்தில், ஒரே எகானமி வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்து போகிறார்கள். பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் 'மைல்' என்ற பெயரில் புள்ளிகள் தரும், அவற்றைச் சேர்த்துவைத்து இலவச டிக்கெட் எடுக்கலாம். இறங்கிய பிறகு ஒருவர் கணக்கில் இப்படி 3,450 மைல் ஏறுகிறது, பக்கத்தில் இருந்தவருக்கு 860 சொச்சம், ஜன்னலோரத்தில் இருந்தவருக்கு ஒன்றுமே இல்லை. மூன்று பேரும் மைல் திட்டத்தில் உறுப்பினர்கள்தான், மூன்று பேரும் உறுப்பினர் எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள். வித்தியாசம் டிக்கெட்டில் இருக்கும் ஒரே ஓர் ஆங்கில எழுத்தில்தான். அந்த எழுத்தை எங்கே பார்ப்பது, பார்த்து என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேபின் வேறு, ஃபேர் கிளாஸ் வேறு

எகானமி, பிரீமியம் எகானமி, பிசினஸ், ஃபர்ஸ்ட் என்பவை கேபின்கள். நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதை மட்டும் அவை சொல்லும். ஒவ்வொரு கேபினுக்குள்ளும் விலைக்கும் நிபந்தனைக்கும் ஏற்றபடி பல அடுக்குகள் உண்டு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எழுத்து. இதைத்தான் ஃபேர் கிளாஸ் அல்லது புக்கிங் கிளாஸ் என்கிறார்கள்.

சில எழுத்துகள் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான். ஒய் என்றால் முழுக் கட்டண எகானமி, ஜே என்றால் முழுக் கட்டண பிசினஸ், எஃப் என்றால் ஃபர்ஸ்ட். மற்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு நிறுவனத்தில் நடுத்தர விலையில் இருக்கும் எழுத்து இன்னொன்றில் அடிமட்ட விலையாக இருக்கலாம். ஆகவே 'கே என்றால் மலிவு' என்று மனப்பாடம் செய்வது வீண் வேலை.

லைட், கிளாசிக், ஃப்ளெக்ஸ் என்று தளங்களில் பார்க்கும் பெயர்களும் ஃபேர் கிளாஸ் அல்ல. அவை பெட்டி, இருக்கைத் தேர்வு, ரத்து வசதி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய விற்பனைப் பொட்டலங்கள். ஒரே லைட் பெயரில் வெவ்வேறு எழுத்துகள் இருக்கலாம்.

படி 2: விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஏஜென்ட் திரையில் ஒரு விமானத்தின் நிலவரம் இப்படித் தெரியும்: ஒய்9 பி9 எம்9 எச்4 கே1 வி0. ஒவ்வோர் எழுத்திலும் இப்போது எத்தனை இடம் விற்கத் தயார் என்பதுதான் அந்த எண். ஒன்பதுக்கு மேல் எத்தனை இருந்தாலும் 9 என்றே காட்டும். இந்த வரியில் வி தீர்ந்துவிட்டது, கே வகுப்பில் ஒரே ஓர் இடம் மிச்சம்.

இப்போது நீங்கள் இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடினால் என்ன ஆகும்? கே வகுப்பில் இரண்டு இடம் இல்லை. ஆகவே பெரும்பாலான தளங்கள் இரண்டு பேரையும் எச் வகுப்புக்குத் தூக்கி, இருவருக்கும் கூடுதல் விலை காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். குடும்பமாகப் போகிறவர்கள் வாங்கும் முன் ஒரு தடவை இப்படித் தேடிப் பார்ப்பது நல்லது. தனித்தனியாக வாங்கினால் பி.என்.ஆர். தனித்தனியாக இருக்கும், விமானம் ரத்தானால் ஆளுக்கொரு வழியில் மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. மிச்சமாகும் பணம் அதற்குத் தகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பணம் கட்டும் முன் எழுத்தைக் கண்டுபிடியுங்கள்

வாங்கிய பிறகு கண்டுபிடிப்பது சுலபம். இ-டிக்கெட் ரசீதில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் 'கிளாஸ்' என்ற இடத்தில் ஒற்றை எழுத்தாகவோ, 'எகானமி (கே)' என்றோ இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது வாங்குவதற்கு முன்.

பல நிறுவனங்களின் சொந்தத் தளத்தில், பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் 'கட்டண விதிகள்' அல்லது 'பயண விவரம்' என்ற இணைப்பைத் திறந்தால் எழுத்து கிடைக்கும். அங்கே இல்லையென்றால் கூகுளின் ஐ.டி.ஏ. மேட்ரிக்ஸ் தளத்தில் அதே தேதி, அதே விமானத்தைத் தேடுங்கள். அங்கே டிக்கெட் வாங்க முடியாது, ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் எந்த எழுத்து என்று விவரமாகக் காட்டும்.

அங்கே ஃபேர் பேசிஸ் என்று நீளமான ஒரு குறியீடும் கண்ணில் படும். கேஎல்எக்ஸ்3எம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து பெரும்பாலும் ஃபேர் கிளாஸ். அடுத்து வரும் எல் கூட்டம் குறைந்த பருவத்தையும், எக்ஸ் வாரநாள் பயணத்தையும், 3எம் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் குறிக்கலாம். இதை முழுசாக உடைத்துப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. முதல் எழுத்து போதும்.

இணைப்பு விமானம் என்றால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி எழுத்து இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: மைலை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். எந்த விமானத்தில் பறக்கிறோமோ அந்த நிறுவனத்தின் திட்டத்தில்தான் மைல் சேர்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணிகளான ஸ்டார் அலையன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்டு 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தொடங்கின. ஒரு கூட்டணிக்குள் எந்த நிறுவனத்தில் பறந்தாலும், அதே கூட்டணியின் வேறொரு நிறுவனத்தின் திட்டத்தில் பொதுவாக மைலை வாங்கிக்கொள்ளலாம். கூட்டணிக்கு வெளியே தனிப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு. ஆனால் ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு திட்டம்தான், இரண்டு இடத்தில் வாங்க முடியாது.

இதனால் என்ன லாபம்? ஒரே விமானம், ஒரே எழுத்து, ஆனால் ஒரு திட்டம் 25 சதவீதம் கொடுக்கும், இன்னொன்று 100 சதவீதம் கொடுக்கும், மூன்றாவது கையை விரித்துவிடும். இதை ஒப்பிட்டுப் பார்க்க 'வேர் டு கிரெடிட்' என்ற தளம் இருக்கிறது. விமான நிறுவனத்தையும் எழுத்தையும் கொடுத்தால், எந்தத் திட்டத்தில் எத்தனை சதவீதம் என்று பட்டியல் போடும். அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்தின் சொந்தப் பக்கத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். இந்த அட்டவணைகள் அடிக்கடி மாறும்.

என்னைக் கேட்டால் ஒரு கூட்டணிக்கு ஒரு திட்டம், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து திட்டங்களில் ஆயிரம் ஆயிரமாகச் சிதறிக் கிடக்கும் மைலை வைத்து ஒரு டிக்கெட்கூட எடுக்க முடியாது. சதவீதம் கொஞ்சம் குறைந்தாலும் ஒரே இடத்தில் சேருவதே மேல்.

படி 5: கணக்குப் போடுங்கள்

கணக்கு இரண்டு விதம்.

முதலாவது தூரக் கணக்கு. பறந்த தூரத்தை அந்த எழுத்துக்கு உரிய சதவீதத்தால் பெருக்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் பறந்த தூரம்தான் கணக்கின் அடிப்படை. சதவீத வெட்டு எல்லாம் பிறகு வந்தது. ஹீத்ரோ–கென்னடி தூரத்தையே எடுத்துக்கொள்வோம். 100 சதவீத எழுத்து என்றால் போகவர 6,900 மைல். 25 சதவீத எழுத்து என்றால் ஏறத்தாழ 1,725.

இரண்டாவது செலவுக் கணக்கு. அமெரிக்க விமான நிறுவனங்களான டெல்டாவும் யுனைடெட்டும் 2015இலும், அமெரிக்கன் 2016இலும் இதற்கு மாறின. கொடுத்த பணத்தில் டாலருக்கு இத்தனை மைல் என்று கணக்கு. இதில் ஒரு நுணுக்கம்: அடிப்படைக் கட்டணமும் நிறுவனம் விதிக்கும் கூடுதல் கட்டணமும் மட்டுமே கணக்கில் வரும், அரசு வரிகள் வராது. 600 டாலர் டிக்கெட்டில் 200 டாலர் வரி, டாலருக்கு 5 மைல் என்று வைத்துக்கொண்டால் 400 × 5 = 2,000 மைல்தான். 3,000 எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே திட்டத்துக்குள் இரண்டு கணக்கும் இருக்கலாம் என்பதுதான் தலையைச் சுற்றவைக்கும் விஷயம். யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எண் 13 இலக்கம் கொண்டது, முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும். 016 என்று தொடங்கினால் யுனைடெட் வெளியிட்டது, செலவுக் கணக்கு. கூட்டாளி நிறுவனம் வெளியிட்ட டிக்கெட் என்றால் பொதுவாகத் தூரமும் எழுத்தும்தான் பேசும். மலிவான நீண்ட தூர டிக்கெட்டுக்குத் தூரக் கணக்கு லாபம், விலை அதிகமான குறுகிய தூர டிக்கெட்டுக்குச் செலவுக் கணக்கு லாபம்.

சரி, கூடுதல் மைலுக்காக விலை உயர்ந்த எழுத்தை வாங்கலாமா? மேலே சொன்ன இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் 5,175 மைல். ஒரு மைலை நீங்கள் ஒரு சென்டுக்கு மதிப்பதாக வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு 52 டாலருக்குள் அடங்கிவிடும். விலை வித்தியாசம் 150 டாலர் என்றால் பேசாமல் மலிவான டிக்கெட்டை வாங்குங்கள். தேதி மாற்றும் வசதியோ கூடுதல் பெட்டியோ உண்மையிலேயே தேவைப்பட்டால் அது வேறு கணக்கு.

படி 6: யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள்

டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் விமான எண் இருக்கும், அடியில் சின்ன எழுத்தில் 'இயக்குபவர்' என்று இன்னொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். இது கோட்ஷேர். சில திட்டங்கள் இயக்கும் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்க்கும், சில திட்டங்கள் விமான எண்ணுக்கு உரிய நிறுவனத்தைப் பார்க்கும். இரண்டு நிறுவனத்திலும் எழுத்து வேறுவேறாகவும் இருக்கலாம். உங்கள் திட்டத்தின் விதிமுறையில் இந்த ஒரு வரியை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள், மற்ற பக்கங்களைத் தள்ளிவிடலாம்.

மைல் கொடுத்து எடுத்த இலவச டிக்கெட்டுக்கும், பல குழுப் பயண டிக்கெட்டுகளுக்கும் மைல் வராது. டெல்டாவின் மிக மலிவான எகானமி டிக்கெட்டுக்கும் அப்படித்தான்.

படி 7: எண்ணைச் சேருங்கள், ரசீதை வையுங்கள்

உறுப்பினராவது இலவசம், ஐந்து நிமிட வேலை. கணக்கில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால் மைல் ஏறாமல் நிற்க வாய்ப்புண்டு. டிக்கெட் வாங்கும்போதே எண்ணைப் போட்டுவிடுங்கள், மறந்தால் செக்-இன் செய்யும்போது சொல்லலாம். போர்டிங் பாஸில் உங்கள் எண்ணும் சரியான திட்டத்தின் பெயரும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸையும் இ-டிக்கெட் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். சில வாரங்கள் ஆகியும் வரவில்லையென்றால் 'விடுபட்ட மைல்' என்ற படிவத்தில் டிக்கெட் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் சில மாதங்கள்.

விமானம் ரத்தாகி வேறு நிறுவனத்தில் ஏற்றிவிட்டால் புதிய டிக்கெட்டில் எழுத்தும் மாறிவிடலாம், மைல் தராத எழுத்தாகவும் அமையலாம். அப்போது முதலில் வாங்கிய டிக்கெட்டின் வழித்தடத்துக்கும் எழுத்துக்கும் உரிய மைலைத் தரும்படி கேளுங்கள். கேட்டால் பல நிறுவனங்கள் கொடுக்கும், கேட்காமல் வராது. அசல் ரசீது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 8: இரண்டு எண்கள், ஒரு காலாவதித் தேதி

கணக்கைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று டிக்கெட் எடுக்கச் செலவு செய்யும் மைல். மற்றது சில்வர், கோல்டு போன்ற தகுதிக்கான கணக்கு, இதைச் செலவழிக்க முடியாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பறப்பவர்கள் இரண்டாவதை மறந்துவிடலாம்.

காலாவதி திட்டத்துக்குத் திட்டம் மாறும். டெல்டா, யுனைடெட் மைல்கள் காலாவதியாவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருடத்தில் போய்விடும். அமெரிக்கனில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் போய்விடும், ஆனால் கூட்டாளிக் கடை ஒன்றில் சின்னதாக ஏதாவது வாங்கி சில மைல் ஏறினால்கூட அந்த 24 மாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும். உங்கள் திட்டம் இதில் எந்த வகை என்று பார்த்து, காலாவதிக்கு மூன்று மாதம் முன்பாக ஃபோனில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.