ஆட்டோலிஸ்ப் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சத்தம் போடாத பிழைகள்

ராணிப்பேட்டையில் பெல் ஆலையைச் சுற்றியும் சிப்காட்டிலும் உள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைபடம் போட்டுத் தருவது என் தொழில். டக்ட், ஹாப்பர், ஃபிளேஞ்ச் என்று ஒரே மாதிரி உருவங்கள் திரும்பத் திரும்ப வரும். கை சலித்துப் போகும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கத்தான் ஆட்டோலிஸ்ப். 1986 முதல் ஆட்டோகேடுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழி அது. ஆற்காடு, வாலாஜா, காட்பாடிப் பக்கமிருந்து டிப்ளமோ முடித்து வரும் பிள்ளைகள், "அண்ணா, எதில் எல்லாம் தவறு வரும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடைப்புக்குறி ஒன்றை மூடாமல் விட்டால் நிரல் ஏறவே ஏறாது. திரையில் பிழைச் செய்தி வந்துவிடும். எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் கத்துகிற பிழையால் பெரிய நட்டம் இல்லை, பத்து நிமிடம் போகும். வாயே திறக்காமல் தவறான கோட்டை வரைந்து வைக்கும் பிழைதான் தகட்டை வெட்டும் இடம் வரைக்கும் போய்விடுகிறது.

வட்ட ஃபிளேஞ்சில், அதாவது இரண்டு பாகங்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகட்டில், போல்ட் துளை போடுவதற்கு நான் ஒரு நிரல் எழுதியிருந்தேன். துளைகளின் எண்ணிக்கையைக் கேட்கும், 360-ஐ அந்த எண்ணால் வகுக்கும், அந்தக் கோண இடைவெளியில் வட்டங்களைப் போடும். 8 துளைக்குச் சரியாக வந்தது. 12 துளைக்கும் வந்தது. மாதக்கணக்கில் அதை நம்பி வேலை செய்தேன். ஒரு நாள் 16 துளை கேட்டு ஓர் ஆர்டர் வந்தது. துளை மைய வட்டத்தின் விட்டம் 400 மில்லிமீட்டர். வரைந்து கொடுத்தேன், வெட்டினார்கள், துளையும் போட்டார்கள். தளத்தில் புளோயரின் ஃபிளேஞ்சோடு சேர்த்தபோது முதல் போல்ட் இறங்கியது, இரண்டாவது முக்கி முனகி இறங்கியது, மூன்றாவது இறங்கவே இல்லை.

ஆட்டோலிஸ்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் வரும். தசமப் பகுதியை அது வெட்டி எறிந்துவிடும். 360-ஐ 16-ஆல் வகுத்தால் 22.5 வர வேண்டும். எனக்கு 22 வந்திருக்கிறது. முதல் துளைக்கு நேர் எதிரே 180 பாகையில் இருக்க வேண்டிய ஒன்பதாவது துளை 176 பாகையில் உட்கார்ந்திருந்தது. இந்த விட்டத்தில் அது கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் விலகல். 8-ம் 12-ம் 360-ஐ மீதியின்றி வகுப்பதால் சோதனையில் அது தப்பித்துக்கொண்டது. திருத்தம் மிகச் சின்னது: 360 என்று எழுதாமல் 360.0 என்று எழுத வேண்டும். 625 அகல டக்டுக்கு நடுக்கோடு போடும்போதும் இதே கதைதான். 2 என்று எழுதி வகுத்தால் 312 வரும், 2.0 என்றால் 312.5 வரும்.

கோணத்தை ரேடியனில் கொடுக்காமல் பாகையில் கொடுப்பதும் பலரும் செய்யும் தவறு. ஆனால் அதில் துளைகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

அடுத்த மௌனப் பிழை ஆப்ஜெக்ட் ஸ்நாப், அதாவது பக்கத்தில் உள்ள முனை, மையம் போன்ற இடங்களுக்குப் புள்ளியைத் தானாக இழுத்து ஒட்டவைக்கும் வசதி. நிரல் ஒரு புள்ளியைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் கோடு போடும் கட்டளைக்குக் கொடுத்தாலும், ஸ்நாப் இயங்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உள்ள வேறொரு முனைக்குக் கோடு தாவிவிடலாம். தாவுவதும் தாவாததும் திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே உங்கள் மேசையில் சரியாக ஓடிய நிரல் அடுத்தவர் மேசையில் கோணலாக வரையும். தொடக்கத்தில் ஆஸ்மோட் (ஸ்நாப் அமைப்பைச் சேமித்து வைக்கும் மாறி) மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு 0 ஆக்குங்கள், முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வையுங்கள். இத்தோடு நிறுத்தினால் போதாது. பாதியில் எஸ்கேப் அழுத்தினால் நிரல் அங்கேயே நின்றுவிடும், ஸ்நாப் அணைந்தபடியே கிடக்கும். அதன்பின் கையால் போடும் கோடுகள் தொட்டது போலத் தெரியும், உண்மையில் தொட்டிருக்காது. மூடிய பகுதியைக் கோடுகளால் நிரப்பும் ஹாட்ச் போடும்போதுதான் இடைவெளி வெளியே வரும். பிழை நேரும்போது ஓடும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை எழுதி, அதிலும் ஆஸ்மோட் மதிப்பைத் திருப்பி வைக்க வேண்டும். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்.

மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளை அந்தச் செயற்கூறுக்கு மட்டுமே உரிய உள்ளூர் மாறிகளாக அறிவிக்காமல் விடுவதும் இந்த வகைதான். செயற்கூறின் பெயருக்கு அடுத்த அடைப்புக்குறியில், சாய்கோட்டுக்குப் பின்னால் அவற்றை எழுத வேண்டும். எழுதாவிட்டால் காலையில் ஒரு நிரல் வைத்துச் சென்ற மதிப்பை மாலையில் இன்னொரு நிரல் எடுத்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை அப்படியே ஒட்டாதீர்கள். நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருந்தால் ஆட்டோலிஸ்புக்குப் புரியாது. யார் எழுதியது என்று தெரியாத கோப்பை ஏற்றுவதற்காகப் பாதுகாப்பு எச்சரிக்கையை அணைத்து வைப்பதும் ஆபத்து. லிஸ்ப் கோப்பு வழியாகப் பரவும் வைரஸ்கள் உண்டு. ஆட்டோகேடின் வசதி குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டி வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 2024-க்கு முந்தைய எல்டியில் ஆட்டோலிஸ்ப் ஓடாது.

கற்கும் முறையிலும் ஒரு தவறு இருக்கிறது. எல்லாச் செயற்கூறுகளையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று காத்திருப்பவர்கள் எழுதுவதே இல்லை. ஒரு நாள் முழுக்க நீங்கள் போடும் கட்டளைகளைத் தாளில் குறித்து வாருங்கள். எது இருபது முறை வருகிறதோ அதற்கு முதலில் நிரல் எழுதுங்கள்.

எழுதிய பின் 8-ஐ மட்டும் கொடுத்துப் பார்க்காமல் 7, 16 என்றும் கொடுங்கள். பாதியில் எஸ்கேப் அழுத்துங்கள். திரையைச் சுருக்கி வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். 16 துளை ஃபிளேஞ்ச் என்றால் முதல் துளையிலிருந்து ஒன்பதாவது துளைக்கு டிஸ்ட் கட்டளையால் அளந்து, தசம இலக்கம் வரை சரியாக 400 வந்த பிறகே வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.