சக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கும்போது

கோத்தகிரி வீட்டில் தாத்தாவின் சக்கிமுக்கித் துப்பாக்கிதான் (கல் உரசும் பொறியில் மருந்து பற்றிச் சுடும் பழைய வகை) எனக்கு வாத்தியார். சுடும் நிலையில் இருந்தால், எவ்வளவு பழையதானாலும் லைசென்ஸ் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அட்டையில் குறி பார்ப்பதோடு சரி.

முதலில் இடிகம்பியை (மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடித்து இறக்கும் கம்பி) குழலின் அடிவரை விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து, வெளியே குழலோடு ஒட்டி அளந்து பாருங்கள். நுனி பற்றுத்துளையை (குழலின் அடியில் நெருப்பு உள்ளே போகும் துளை) எட்டாவிட்டால் உள்ளே பழைய வெடிமருந்து இருக்கலாம். எங்களுடையதில் நாலு விரல் குறைந்தது. அத்தனை வருஷம் சுவரில் குண்டோடு தொங்கியிருக்கிறது!

குழல் காலி என்றால், இருட்டறையில் விசையை இழுங்கள். நெருப்புப் பொறி கிண்ணிக்குள் (பற்றுத்துளைக்கு வெளியே பற்றவைக்கும் மருந்து வைக்கும் சின்னக் குழி) விழ வேண்டும்.

சுடும்போது அசையாதீர்கள், கிண்ணி மருந்து பற்றி எரிந்த பிறகுதான் குழலுக்குள் இருக்கும் மருந்து வெடிக்கும். வெடிக்காவிட்டால் ஒரு நிமிஷமாவது குழலைக் குறியிலிருந்து திருப்பாதீர்கள். எங்கள் மூடுபனியில் கிண்ணி மருந்து நமுத்துவிடும். துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

சுட்ட அன்றே குழலை வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் காலையில் துரு.